மாநில அரசோட ஐடிய யார் கையில குடுக்கலாம்: ஒரே துறையா, துறைக்குத் துறையா, வெளி கம்பெனியா?

எந்த மாநில அரசா இருந்தாலும் உள்ள போய் பாத்தா ஐடிங்கிறது ஒரே குவியலா இருக்காது. வரித்துறைக்கு ஒரு சிஸ்டம், வண்டிப் பதிவுக்கு ஒண்ணு, ஜெயிலுக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரிக்கு ஒண்ணு, உதவித்தொகை குடுக்க ஒண்ணு, இதுல பாதிய யாரு எப்ப வாங்கினாங்கன்னே இப்ப இருக்கிற அதிகாரிக்குத் தெரியாது, ஒவ்வொரு துறைக்கும் தனி சர்வர் ரூம், தனி மெயில், தனி ஹெல்ப்டெஸ்க், தனி வென்டர். ஒரு நாள் ஆடிட் ரிப்போர்ட் வரும், இல்ல ஹேக் ஆகும், இல்ல நிதித்துறைல யாராவது எல்லா பில்லையும் கூட்டிப் பாத்து மயக்கம் போடுவாங்க. அப்பதான் "எல்லாத்தையும் ஒண்ணாக்கிடலாமே"ன்னு பேச்சு ஆரம்பிக்கும்.

மேஜைக்கு வர்ற வழிகள் கிட்டத்தட்ட எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். இருக்கிற மாதிரியே விட்டுட்டு மேல ஒரு விதிமுறை குழு போடுறது. எல்லாத்தையும் உருவி ஒரே ஐடி துறை ஆக்குறது. நெருக்கமான துறைகள குழு குழுவா சேக்குறது. மொத்தமா ஒரு பெரிய கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விடுறது. அதுவே பல கம்பெனிக்குப் பிரிச்சு விட்டு நடுவுல ஒருத்தர மேய்க்க வைக்கிறது. என் கருத்த முன்னாடியே சொல்லிடுறேன், இந்த அஞ்சுல ஒண்ண மொத்த அரசுக்கும் தேர்ந்தெடுக்கிறதே தப்பான கேள்வின்னு நினைக்கிறேன். நெட்வொர்க்குக்கு சரியான பதில் உதவித்தொகை சாஃப்ட்வேருக்கு சரியா வராது. அடுக்கடுக்கா பிரிச்சு ஒவ்வொரு அடுக்குக்கும் தனியா முடிவெடுக்கணும். ஏன்னு சொல்றதுக்கு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் வசதியான இடங்கள், ரெண்டுமே கூட்டாட்சி நாடு, ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழில போய் சூடு பட்டிருக்கு, எல்லாம் பொதுவெளில பதிவாவும் இருக்கு.

முதல்ல "இருக்கிறபடி விடுங்க"ங்கிற கட்சி. இத கிண்டல் பண்றது ஈஸி, ஆனா இதுல நியாயம் இருக்கு. வரித்துறைல இருபது வருஷமா உக்காந்திருக்கிற புரோகிராமருக்கு வரிச்சட்டம் மனப்பாடம், சட்டசபைல திருத்தம் வந்தா எந்த ஃபைல்ல எந்த வரிய மாத்தணும்னு அவருக்குத்தான் தெரியும். பிரச்சினை எங்கன்னா, அதே துறை பாதுகாப்புலயும் அதே அளவு கெட்டிக்காரத்தனமா இருக்கும்னு நம்ப எந்தக் காரணமும் இல்ல. 2012ல அமெரிக்கால சவுத் கரோலினா மாநில வரித்துறைல நடந்தத பாருங்க. ஆகஸ்ட்ல ஒரு ஊழியருக்கு வந்த ஏமாத்து மெயில், அதுல போன பாஸ்வேர்டு, அடுத்த மாசம் ஏறக்குறைய 36 லட்சம் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் (அங்க ஆளாளுக்கு அரசு குடுக்கிற அடையாள எண்) வெளிய போச்சு, அந்த நம்பர்கள என்கிரிப்ட் பண்ணிகூட, அதாவது திருடினாலும் படிக்க முடியாதபடி மாத்திகூட, வெக்கல. அந்தத் துறைல பாதுகாப்பு அதிகாரி நாற்காலி சுமார் ஒரு வருஷம் காலியா கிடந்திருக்கு. மாநிலத்துல வேற யாருக்கும் "ஏன் காலியா வெச்சிருக்க"ன்னு கேக்குற அதிகாரம் கிடையாது, ஒவ்வொரு துறையும் தன் பாதுகாப்ப தானே பாத்துக்கணுங்கிறதுதான் ஏற்பாடு. பாதிக்கப்பட்டவங்களுக்கு கிரெடிட் கண்காணிப்பு (அவங்க பேர்ல வேற யாராவது கடன் வாங்குறாங்களான்னு பாக்குற சேவை) வாங்கித் தரவே 1.2 கோடி டாலர் ஆச்சு. மாநிலம் முழுசுக்கும் தகவல் பாதுகாப்புக்குன்னு ஒரு பிரிவு வந்ததே அதுக்கப்புறம்தான்.

சரி, அப்ப ஒண்ணாக்கினா பாதுகாப்பு வந்துடுமா? அதே 2012ல யூட்டா. அங்க 2005லயே சட்டம் போட்டு எல்லா ஐடியையும் ஒரே தொழில்நுட்பத் துறைக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. மார்ச் மாசம் மருத்துவ உதவித் திட்டத்தோட ஒரு சர்வர்ல பாஸ்வேர்டு அமைப்பு சரியில்லாம ஆளுங்க உள்ள பூந்து சுமார் 7.8 லட்சம் பேரோட தகவல அள்ளிட்டாங்க, அதுல 2.8 லட்சம் பேரோட சோஷியல் செக்யூரிட்டி நம்பரும் உண்டு. தொழில்நுட்பத் துறை தலைவர் பதவிய விட்டுப் போக வேண்டியதாச்சு. ஆக ஒண்ணாக்குறது தாயத்து கிடையாது. ஆனா வித்தியாசம் ஒண்ணு இருக்கு, ஓட்டை தெரிஞ்ச அன்னிக்கு யூட்டால மத்த எல்லா சர்வரையும் போய் சரிபாக்க அதிகாரம் உள்ள ஆபீஸ் ஏற்கனவே இருந்துச்சு, சவுத் கரோலினால அந்த ஆபீஸ்ல இருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்துச்சு. பாதுகாப்பு விஷயத்துல என்னோட சாய்வு மையத்துப் பக்கம் இருக்கிறதுக்கு இது ஒண்ணே போதும்.

ஒரே துறை ஆக்குறதுக்கு மிஷிகன்தான் பழைய உதாரணம். 2001ல அப்ப கவர்னரா (அங்க மாநில அரசோட தலைவர், நம்ம முதலமைச்சர் மாதிரி) இருந்த ஜான் எங்லர் ஒரு நிர்வாக ஆணை போட்டு துறைகள்ல சிதறிக் கிடந்த ஐடி ஊழியர்கள ஒரே துறைக்கு மாத்தினாரு. 2010ல அத நிர்வாகம், பட்ஜெட் பாக்குற துறையோட சேத்துட்டாங்க, இன்னிக்கும் அதே அமைப்புதான். மினசோட்டா 2011ல சட்டம் போட்டு அதே வழில போச்சு. இதுல கிடைக்கிற லாபம் நிஜமானது: டேட்டா சென்டர் எண்ணிக்கை குறையும், லைசென்ஸ் மொத்தமா வாங்கினா பேரம் பேச முடியும், ஒரே மெயில், ஒரே லாகின், ஒரு சின்னத் துறைக்கு தனியா வாங்கவே முடியாத பேக்கப்பும் கண்காணிப்பும் கிடைக்கும். சின்னத் துறைகள்தான் இதுல அதிகம் பிழைக்கும், முப்பது பேர் வேலை செய்யற ஒரு ஆணையத்துல ஐடி ஆளுன்னு ஒருத்தர் இருப்பாரு, அவர் லீவு போட்டா ஆபீஸே லீவு.

இழப்பு அப்ளிகேஷன் பக்கம் தெரியும். மினசோட்டால வண்டிப் பதிவு சிஸ்டம் ஒண்ணு, எம்என்லார்ஸ்னு பேரு. முதல்ல வெளி கம்பெனிகிட்ட குடுத்து, சரிவராம, அப்புறம் மைய ஐடி துறையே எழுத ஆரம்பிச்சு 2017 ஜூலைல திறந்தாங்க. திறந்த நாள்ல இருந்து டைட்டில் (வண்டி உரிமைப் பத்திரம்) லேட், கட்டணக் கணக்கு தப்பு, கவுன்டர்ல கூட்டம். அந்த மாநிலத்துல வண்டிப் பதிவு கவுன்டர்கள நிறைய தனியாரும் உள்ளாட்சிகளும்தான் நடத்துறாங்க, ஒரு பதிவுக்கு இவ்வளவுன்னு கட்டணம்தான் அவங்க வருமானம், சிஸ்டம் மெதுவானதும் அவங்க கைக்காசு போட ஆரம்பிச்சாங்க, கடைசில சட்டசபை அவங்களுக்கு நஷ்டஈடு ஒதுக்க வேண்டி வந்துச்சு. 2019ல தனியா ஒரு குழு ஆராய்ஞ்சு, இத ஒட்டுப்போட்டு ஓட்டுறத விட ரெடிமேட் பேக்கேஜ் வாங்கிடுங்கன்னு சொல்ல, மாநிலமும் அப்படியே பண்ணி 2020ல புதுசு வந்துச்சு. இதுல மைய துறை இருந்ததுதான் காரணம்னு நான் சொல்லல. ஆனா புரோகிராம் எழுதறவங்க ஒரு துறைல, கவுன்டர் அனுபவம் இன்னொரு துறைல, முடிவெடுக்கிற அதிகாரம் ரெண்டுக்கும் நடுவுலன்னு ஆகும்போது "இது ரெடி இல்ல, திறக்காதீங்க"ன்னு சொல்ல வேண்டியது யாருங்கிறது மங்கிடுது. வண்டிப் பதிவு அதிகாரியே தன் ஆளுங்கள வெச்சு செஞ்சிருந்தாலும் சொதப்பி இருக்கலாம், ஆனா அப்ப யார கேக்கணும்னாவது தெரிஞ்சிருக்கும்.

இந்த விவாதங்கள்ல யாருமே சரியா பேசாத ஒரு விஷயம் காசு எப்படி நகருதுங்கிறது. அமைப்பு வரைபடத்த ஆறு மாசம் வரைவாங்க, பில் போடுற முறைய கடைசி வாரம் யோசிப்பாங்க. பெரும்பாலான இடத்துல மைய ஐடி துறைக்கு நேரடி பட்ஜெட் கம்மி, துறைகள்கிட்ட மாசாமாசம் வசூலிச்சுதான் ஓடணும்: ஒரு சர்வருக்கு இவ்வளவு, ஒரு மெயில்பாக்ஸுக்கு இவ்வளவு, ஸ்டோரேஜ் ஒரு ஜிபிக்கு இவ்வளவு. இதுல மூணு சிக்கல் வரும். முதலாவது, முன்னாடி துறைல சர்வர் மேஜைக்கு அடில இருந்துச்சு, கரண்டு பில் கட்டிடத்து கணக்குல, பாத்துக்கிற ஆளு வேற பதவி பேர்ல, அதனால அது இலவசம் மாதிரி தெரிஞ்சுது. இப்ப அதே சர்வருக்கு பில் வந்ததும் "பழைய செலவ விட மூணு மடங்கு"ன்னு சண்டை. பழைய செலவ யாரும் அளந்ததே இல்ல, அதனால இந்த சண்டைய தீக்கவும் முடியாது.

ரெண்டாவது இன்னும் மோசம். ஒரே மீட்டர்ல பத்து வீடு இருக்குன்னு வெச்சுக்கோங்க, மாசம் ஒரு நிலையான தொகை கட்டியே ஆகணும், ரெண்டு வீடு காலி பண்ணிட்டுப் போனா மிச்ச எட்டு பேருக்கு பங்கு ஏறும், ஏறினதும் இன்னும் ரெண்டு பேரு கிளம்புவாங்க. மைய டேட்டா சென்டருக்கும் இதேதான், பெரிய துறை ஒண்ணு "நான் கிளவுடுக்குப் போறேன்"ன்னு (அதாவது வெளி கம்பெனியோட சர்வர இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுக்க) கிளம்பினா மிச்ச துறைகளோட ரேட் ஏறும். அதனாலதான் மைய துறைகள் யாரையும் வெளிய விடாம பிடிச்சு வைக்கப் பாக்கும், அது தொழில்நுட்ப முடிவு மாதிரி தெரியும், உண்மைல அது ரேட் கார்டு முடிவு.

மூணாவது சிக்கல் மத்திய அரசுப் பணம். அமெரிக்கால மருத்துவ உதவி, உணவு உதவி மாதிரி திட்டங்களோட கணினி செலவுல ஒரு பெரிய பங்க மத்திய அரசு குடுக்குது, அதனால மைய ஐடி துறை அந்தத் துறைகள்கிட்ட அசல் செலவுக்கு மேல வசூலிக்கக் கூடாது, ஒரு துறைக்கு ஒரு ரேட் இன்னொரு துறைக்கு வேற ரேட்டுன்னும் போடக் கூடாது. கையிருப்பு வெச்சுக்கலாம், ஆனா பொதுவா 60 நாள் செலவுக்கு மேல போகக் கூடாது, போனா மத்திய அரசோட பங்க திருப்பித் தரணும். புது மெஷின் வாங்கினா அதோட தேய்மானத்த வருஷா வருஷம்தான் ரேட்ல சேக்க முடியும், மொத்தமா முன்னாடியே வசூலிச்சு வாங்க முடியாது. அப்ப புது டேட்டா சென்டர் கட்ட முன்பணம் எங்க இருந்து வரும்? வராது. இந்த ஓட்டைலதான் வெளி கம்பெனிகள் நுழைவாங்க, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இதுக்கு நான் பாத்த வரைக்கும் உருப்படியான வழி, நெட்வொர்க், லாகின் அடையாளம், பாதுகாப்பு இந்த மூணையும் பொது பட்ஜெட்ல இருந்தே குடுத்துடணும், பில் போடவே கூடாது. மத்திய அரசோட பங்க வருஷ முடிவுல கணக்குப் போட்டு தனியா கேட்டு வாங்கிக்கலாம், அதுக்கு முறை இருக்கு. பாதுகாப்புக்கு பில் போட்டா என்ன ஆகும்னா, பட்ஜெட் இறுகுற வருஷம் எந்தத் துறையும் முதல்ல வெட்டுறது அதத்தான், ஏன்னா வெட்டினது அன்னிக்கே தெரியாது. அளவு ஏற ஏற செலவு ஏறுற சமாச்சாரங்கள், ஸ்டோரேஜ், கிளவுடு, பிரிண்டிங், அதுக்கு மட்டும் பில் போடலாம், அப்பதான் துறைகளும் குப்பைய அழிப்பாங்க.

இன்னொரு தடை, தகவல் விதிகள். போலீஸ் குற்றப் பதிவுகளுக்கு எஃப்பிஐ போட்ட விதி இருக்கு, அந்தத் தகவல் இருக்கிற சர்வர மையத்துக்கு மாத்தினா, என்கிரிப்ட் ஆகாத தகவல தொடக்கூடிய ஒவ்வொரு அட்மினுக்கும் கைரேகை எடுத்து பின்னணி சரிபாக்கணும், மேலாண்மை கட்டுப்பாடு காவல்துறை பக்கமே இருக்கணும். மத்திய வரித்துறை தர்ற வரித் தகவலுக்கு தனி விதி, மருத்துவத் தகவலுக்கு தனி விதி. ஒவ்வொரு மாநிலத்துலயும் போலீஸ் துறை இத கேடயமா பிடிக்கும். பாதி நியாயம், பாதி சாக்கு. ஒப்பந்தம் எழுதி, ஆளுங்கள சரிபாத்து, மாநிலம் மாநிலமா இத செஞ்சிருக்காங்க, முடியாததெல்லாம் கிடையாது. ஆனா இதுக்கு ஆகுற மாசங்கள திட்டத்துல சேக்காம "ஒரு வருஷத்துல எல்லாம் மாறிடும்"னு அறிவிச்சா, முதல் வருஷ முடிவுல அசிங்கப்பட வேண்டியதுதான்.

ஆளுங்க விஷயத்த சுருக்கமா சொல்லிடலாம். மாத்தப் போறோம்னு அறிவிப்பு வந்த அன்னிக்கே துறைகள் தன் கெட்டிக்கார ஆளுங்களோட பதவி பேர மாத்த ஆரம்பிக்கும், நேத்து வரைக்கும் டேட்டாபேஸ் அட்மினா இருந்தவர் இன்னிக்கு "திட்ட ஆய்வாளர்" ஆயிடுவாரு, மையத்துக்கு அனுப்புற லிஸ்ட்ல அவர் பேரு இருக்காது. இது எல்லா ஊர்லயும் நடக்கிற கூத்து. கணக்கெடுப்பு தேதிய அறிவிப்புக்கு முந்தின தேதியா வெச்சா கொஞ்சம் தப்பிக்கலாம்.

குழு குழுவா சேக்குற வழி நடுவாந்திரமானது, இதுக்கு கிடைக்க வேண்டிய மரியாதை கிடைக்கலன்னு எனக்கு ஒரு ஆதங்கம். பென்சில்வேனியா 2017ல இத செஞ்சுது. எல்லா துறையையும் ஒரே பானைல போடாம, சுகாதாரம், சமூக நலம் ஒரு பக்கம், பொதுப் பாதுகாப்பு ஒரு பக்கம், சுற்றுச்சூழல் ஒரு பக்கம்னு தொழில் நெருக்கம் பாத்து சேவை மையங்களா பிரிச்சாங்க, ஐடியோட மனிதவளப் பிரிவையும் சேத்தே மாத்தினாங்க. ஒரு குழுக்குள்ள இருக்கிற துறைகளுக்கு ஒரே மாதிரி சட்டம், ஒரே மாதிரி தகவல் விதி, சில நேரம் ஒரே பயனாளி, அதனால அப்ளிகேஷன் ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் உதவ முடியும், போலீஸ் விதி பஞ்சாயத்தும் ஒரு குழுவோட நின்னுடும். குறைன்னா, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைமை அதிகாரி, அவருக்கு ரெண்டு எஜமானர், மையத்து ஐடி தலைவர் ஒருத்தர், குழுவுல இருக்கிற துறைச் செயலர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேற வேற வேலை சொன்னா யார் பேச்சு எடுபடும்னு எழுதி வெக்கணும், எழுதலன்னா குரல் பெருசா இருக்கிறவர் பேச்சு எடுபடும்.

இப்ப கம்பெனிக்கு விடுற கதை, இதுல படிக்க நிறைய இருக்கு.

விர்ஜினியா 2003ல "விட்டா" (VITA)ங்கிற பேர்ல ஒரு மைய ஐடி முகமைய உருவாக்குச்சு, 2005ல நார்த்ராப் கிரம்மன் கம்பெனியோட பத்து வருஷத்துக்கு சுமார் 200 கோடி டாலர் கான்ட்ராக்ட். கவர்ச்சி என்னன்னா மேல சொன்ன அந்த முன்பணம்தான்: கம்பெனி தன் காசப் போட்டு புது டேட்டா சென்டரும், மாநிலத்தோட தென்மேற்கு மூலைல பேக்கப் சென்டரும் கட்டித் தரும், அங்க வேலைவாய்ப்பு வரும், மாநிலம் வருஷா வருஷம் கட்டினா போதும். 2010 ஆகஸ்ட்ல ஒரு ஸ்டோரேஜ் யூனிட் படுத்துச்சு. 26 துறைகள் பாதிப்பு, டிரைவிங் லைசென்ஸ் குடுக்கிற கவுன்டர்கள் ஒரு வாரம் கிட்ட முடங்கிப் போச்சு. கவனிங்க, எல்லாத்தையும் ஒரே ஸ்டோரேஜ்ல சேத்ததாலதான் ஒரே அடில 26. சிதறிக் கிடந்த காலத்துல ஒரு துறை விழும், மத்தது நடக்கும். ஒண்ணாக்கும்போது மிச்சமாகுற காசுல ஒரு பங்க, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு ஓடுற மாதிரி ரெட்டை ஏற்பாட்டுல திரும்பப் போடணும், அது மிச்சத்த பாதியாக்கும், அதனாலதான் அந்தக் கணக்க யாரும் பவர்பாயின்ட்ல காட்ட மாட்டாங்க. கடைசில 2017ல ரெண்டு தரப்பும் மாறி மாறி வழக்கு போட்டு, 2018ல பிரிஞ்சாங்க.

டெக்சாஸ் 2005ல சட்டம் போட்டுச்சு, 2006 நவம்பர்ல ஐபிஎம்மோட ஏழு வருஷம், 86.3 கோடி டாலர், 27 துறைகளோட டேட்டா சென்டர்கள ரெண்டா சுருக்கணும், ஒண்ணு ஆஸ்டின், இன்னொண்ணு சான் ஏஞ்சலோ. ரெண்டு வருஷத்துல அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) ஆபீஸ்ல ஒரு சர்வர் செத்து மருத்துவ உதவி மோசடி வழக்கு ஃபைல்கள் போச்சு, பேக்கப் ஒழுங்கா எடுக்கலன்னு மாநிலம் அபராதம் போட்டுச்சு, 2008 அக்டோபர்ல கவர்னர் ரிக் பெர்ரி மாத்துற வேலையையே நிறுத்தச் சொன்னாரு. அப்புறம் டெக்சாஸ் செஞ்சதுதான் சுவாரசியம். கைய விட்டுட்டு பழைய இடத்துக்கு ஓடல. 2012ல அதே வேலைய துண்டு போட்டு, டேட்டா சென்டர் நடத்த ஒரு கம்பெனி, எல்லாரையும் மேய்க்க கேப்ஜெமினின்னு இன்னொரு கம்பெனின்னு பிரிச்சுது. விர்ஜினியாவும் பிரிஞ்சப்புறம் அதே பாணிக்குத்தான் வந்துச்சு. ஒரு துண்டு சரியில்லன்னா அத மட்டும் கழட்டி வேற ஆளுக்குக் குடுக்கலாங்கிறது இதோட பலம். பலவீனம், ஏதாவது விழுந்தா நாலு கம்பெனியும் ஒருத்தர ஒருத்தர் கை காட்டும், மேய்க்கிறவருக்கும் தனியா கூலி, அதோட அரசு பக்கம் கான்ட்ராக்ட் படிச்சு, அளவீடு பாத்து, அபராதம் போடத் தெரிஞ்ச ஆளுங்க நிறைய வேணும். வெளிய குடுத்தா உள்ள ஆள் தேவையில்லன்னு நினைக்கிறவங்க இந்த இடத்துலதான் மாட்டுவாங்க.

இண்டியானாவ தனியா சொல்லணும், ஏன்னா அங்க ஒரே கவர்னர், மிட்ச் டேனியல்ஸ், ரெண்டு வழியையும் செஞ்சாரு. 2005ல சர்வர், நெட்வொர்க், மெயில் இதெல்லாம் உள்ளயே ஒரு தொழில்நுட்ப அலுவலகமா சேத்தாரு. அது இன்னிக்கும் ஓடிட்டிருக்கு, சத்தமே இல்லாம. அடுத்த வருஷக் கடைசில உதவித்தொகை தகுதி பாக்குற வேலைய, ஆபீசர் முன்னாடி உக்காந்து பேசற முறைய மாத்தி கால் சென்டர், ஆன்லைன் விண்ணப்பம்னு ஐபிஎம் தலைமைல பத்து வருஷத்துக்கு 100 கோடி டாலர தாண்டின கான்ட்ராக்ட்டுக்கு விட்டாங்க. டாகுமென்ட் காணோம், போன் எடுக்கல, தகுதி இருக்கிறவங்களுக்கு உதவி நின்னுச்சுன்னு புகார் குவிஞ்சு 2009 அக்டோபர்ல கான்ட்ராக்ட் ரத்து. வழக்கு மட்டும் பத்து வருஷம் கிட்ட இழுத்துச்சு. முதலாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி தேவைப்படுற அடிப்படை சமாச்சாரம். ரெண்டாவது மனுஷங்கள பாத்து எடுக்கிற முடிவு, அதுல ஐடி பாதிதான், மீதி சட்டமும் அனுபவமும். ஐடி சீர்திருத்தம்னு பேர் வெச்சு ரெண்டாவதையும் சேத்து நகர்த்தினாங்க.

ஆஸ்திரேலியா கதையும் இதே பக்கம்தான் போகுது. குயின்ஸ்லாந்து மாநிலத்துல சம்பளம், கணக்கு வேலைகள எல்லா துறைக்கும் பொதுவா ஒரு சேவை அமைப்புல சேத்தாங்க, 2007ல ஐபிஎம் முதன்மை ஒப்பந்ததாரர். சுகாதாரத் துறை சம்பள சிஸ்டம் 2010 மார்ச்ல திறந்துச்சு, சுமார் 78,000 ஊழியர்கள், நர்சுகளுக்கு ஷிப்ட், அலவன்ஸ், தொழிற்சங்க ஒப்பந்தம்னு ஆயிரத்தெட்டு கூட்டல் கழித்தல், நிறைய பேருக்கு சம்பளம் கம்மியா வந்துச்சு, சிலருக்கு அதிகமா, சிலருக்கு வரவே இல்ல. ஆரம்பத்துல ஐபிஎம் சொன்ன தொகை 61.9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், அத சரி பண்ணி ஓட்ட மொத்தமா 120 கோடி ஆகும்னு அப்புறம் மதிப்பிட்டாங்க. 2013ல ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமைல விசாரணை கமிஷன் வெச்சு துருவினப்ப, அரசு தனக்கு என்ன வேணும்னு சரியா எழுதிக் குடுக்காம அவசரப்பட்டதும் தெரிஞ்சுது. அதே காலத்துல வெஸ்டர்ன் ஆஸ்திரேலியா தன் பொது சேவை அலுவலகத்த, செலவு ஏறி மிச்சம் எதுவும் வராம, 2011ல கலைச்சிடலாம்னு முடிவெடுத்து துறைகள்கிட்டயே வேலைய திருப்பிக் குடுத்துச்சு. கலைக்கிறதுக்கும் காசுதான்.

இதையெல்லாம் வெச்சு என் கைல முடிவ விட்டா இப்படி பிரிப்பேன். நெட்வொர்க், அடையாளம், மெயில், பாதுகாப்புக் கண்காணிப்பு, பேக்கப் இதெல்லாம் மையத்துக்கு, விலக்கே கிடையாது, போலீஸுக்கு மட்டும் ஒப்பந்தத்தோட. டேட்டா சென்டர சொந்தமா கட்டவே வேண்டாம், இடத்த வாடகைக்கு எடுக்கலாம், கிளவுடு பயன்படுத்தலாம், ஆனா எதையும் அஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே கையெழுத்துல கட்டக் கூடாது, வெளிய வர்றப்ப தகவல எந்த வடிவத்துல எத்தனை நாள்ல திருப்பித் தரணும்னு முதல் நாளே எழுதணும். அப்ளிகேஷன் ஆளுங்க துறை குழுக்கள்ல, பென்சில்வேனியா மாதிரி, பக்கத்து நாற்காலில சட்டம் தெரிஞ்சவங்களோட. எந்தெந்த சிஸ்டம் வாங்கணும், எத எழுதணும், எத கொல்லணும்னு முடிவு பண்ற ஆளுங்க எந்தக் காலத்துலயும் வெளி கம்பெனி சம்பளத்துல இருக்கக் கூடாது.

மாநிலம் ரொம்ப சின்னதா இருந்தா கணக்கு மாறும், மொத்தமே சில நூறு ஐடி ஆளுங்கன்னா குழு பிரிக்கிறதுல அர்த்தம் இல்ல, மினசோட்டா பாணில ஒரே துறை போதும், ஆனா பெரிய அப்ளிகேஷன் ஒவ்வொண்ணுக்கும் துறை பக்கத்துல இருந்து ஒரு பொறுப்பாளர், "திறக்காதே"ன்னு சொல்ற அதிகாரத்தோட. ஏற்கனவே பெரிய கான்ட்ராக்ட்டுக்குள்ள மாட்டியிருக்கிற மாநிலம்னா நடுவுல கிழிச்சுப் போடுறத விட, முடியறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே ஆளுங்கள சேத்து துண்டு துண்டா எடுக்கிறது மலிவு.

ஆணையா, சட்டமாங்கிற கேள்வியும் இருக்கு. கவர்னர் ஆணை வேகம், ஆனா அடுத்த கவர்னர் வந்தா அதே வேகத்துல போயிடும். இல்லினாய் 2016ல ஆணை போட்டு ஐடி துறைய ஆரம்பிச்சு 2018ல சட்டமாக்குச்சு, அந்த வரிசை எனக்குப் பிடிச்சிருக்கு, ரெண்டு வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எது நிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் சட்டத்துல எழுதலாம்.

வரிசைன்னு வந்துட்டதால, முதல் வருஷம் எதையும் நகர்த்தாம எண்ண மட்டும் செய்யணும்: எத்தனை சர்வர், எந்த லைசென்ஸ் எப்ப முடியுது, எந்த கான்ட்ராக்ட்ல தானா நீட்டிக்கிற ஷரத்து இருக்கு, யாரு ரிட்டயர் ஆகப் போறாங்க. லைசென்ஸ் முடியற தேதிதான் எந்தத் துறை எப்ப மாறணும்னு தீர்மானிக்கணும், அரசியல் தேதி தீர்மானிக்கக் கூடாது. அடுத்து அடையாளமும் மெயிலும், அப்புறம் பாதுகாப்பு, அப்புறம் சர்வர். நிறைய பேரு ஹெல்ப்டெஸ்க்க முதல்ல சேப்பாங்க, ஈஸியா தெரியும், ஆள் குறைச்சதா உடனே கணக்கு காட்டலாம். அத கடைசிக்கு தள்ளணும். ஊழியருக்கு இந்த மாற்றம் மொத்தமும் தெரியறது அந்த ஒரு போன் நம்பர்லதான், முன்னாடி பக்கத்து ரூம்ல இருந்து வந்து பிரிண்டர சரி பண்ணினவரு போய் டிக்கெட் நம்பர் வந்துச்சுன்னா, பின்னாடி நீங்க எவ்வளவு நல்ல வேலை செஞ்சிருந்தாலும் துறைச் செயலர் அடுத்த கூட்டத்துல பேசப் போறது அந்தப் பிரிண்டரப் பத்திதான்.